ஆய்வு முடிவை ஊரறியச் சொல்வது: வாசகர் கேள்வி – பதில்

ஆய்விதழ்களில் வெளியான ஆய்வுகளைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்ப்பது பற்றிய கேள்விகளுக்கு இம்முறை இப்பகுதியை ஒதுக்கியிருக்கிறோம். எழுதியவர்களில் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள், அந்த ஆய்வுகளைப் படிக்க விரும்பும் பொது வாசகர்களும் இருக்கிறார்கள். ஒரு தரப்பாருக்குச் சொல்லும் பதில் மறு தரப்பாருக்கும் வேண்டியிருப்பதால் இருவர் கேள்விகளையும் பிரிக்காமல் தருகிறோம்.

என்னுடைய முதல் ஆய்வுக் கட்டுரை சந்தா கட்டிப் படிக்க வேண்டிய ஓர் ஆய்விதழில் வெளியாகியிருக்கிறது. என் வீட்டாரால்கூட அதைப் படிக்க முடியவில்லை. வெளியீட்டாளர் அனுப்பிய பிடிஎஃப் கோப்பை என் இணையதளத்தில் ஏற்றிவிடலாமா? பதிப்புரிமைப் படிவத்தை முழுவதும் படிக்காமலே கையெழுத்திட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.
— ஆய்வு மாணவி

அந்தப் படிவத்தை இப்போதாவது தேடியெடுத்துப் படியுங்கள். உங்கள் கேள்விக்கான பாதி விடை அதில்தான் இருக்கிறது. கையெழுத்திட்ட நிமிடத்திலேயே எல்லா உரிமையும் கைவிட்டுப் போய்விட்டது என்று பல ஆய்வாளர்கள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். பெரும்பாலான ஒப்பந்தங்களில் நிலைமை அவ்வளவு மோசமாக இல்லை.

ஒரே கட்டுரைக்கு மூன்று நிலைகள் உண்டு. ஆய்விதழுக்கு அனுப்பும் முன் நீங்கள் எழுதி முடித்த வடிவத்தை முன்பதிப்பு என்கிறோம். மதிப்பீட்டாளர்கள் சொன்ன திருத்தங்களைச் செய்து, ஆசிரியர் குழு ஏற்றுக்கொண்ட பிறகு உங்கள் கணினியில் இருக்கும் கோப்பு ஏற்கப்பட்ட படி. அதற்குப் பக்க அமைப்புச் செய்து, இதழின் பெயரும் பக்க எண்ணும் இட்டு வெளியீட்டாளர் வெளியிடுவது இறுதி வடிவம். சந்தா இதழ்களின் ஒப்பந்தங்கள் பொதுவாக இந்த மூன்றாவதைத்தான் பொதுவில் ஏற்றக் கூடாது என்கின்றன. உங்களுக்கு வந்த பிடிஎஃப் அதுதான் என்பதால், அதை அப்படியே ஏற்ற வேண்டாம். முன்பதிப்பைப் பகிர்வதற்குப் பல இதழ்கள் தடை சொல்வதில்லை. ஏற்கப்பட்ட படியை, ஆறு மாதமோ ஓராண்டோ அதற்கும் மேலோ ஒரு தடைக்காலம் கழித்து, பல்கலைக்கழகக் களஞ்சியத்தில், அதாவது ஆய்வுகளைச் சேமித்து எல்லோருக்கும் திறந்துவைக்கும் இணையக் கிடங்கில், வைக்கப் பல இதழ்கள் இசைகின்றன. எந்த இதழ் எதற்கு இசைகிறது என்பதைத் திரட்டித் தருவதற்கென்றே ஷெர்பா ரோமியோ என்ற தரவுத்தளம் பல ஆண்டுகளாக இயங்கி வந்திருக்கிறது; இதழின் சொந்த இணையதளத்திலும் ஆசிரியர்களுக்கான விதிகள் பக்கத்தில் அதைக் காணலாம்.

படிவத்தோடு உங்கள் நிதிநல்கைக் கடிதத்தையும் எடுத்துப் பாருங்கள். ஆய்வுக்குப் பணம் தந்த அமைப்பு, கட்டுரையை எல்லோரும் படிக்கும்படி வைத்தாக வேண்டும் என்று விதித்திருக்கலாம். அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள், தம் நிதியில் உருவான கட்டுரைகளை வெளியான 12 மாதங்களுக்குள் பப்மெட் சென்ட்ரல் களஞ்சியத்தில் திறந்துவைக்க வேண்டும் என்று 2008 முதல் கட்டாயப்படுத்தின. 2025 ஜூலை 1 முதல் ஏற்கப்படும் கட்டுரைகளுக்கு அந்த 12 மாத அவகாசமும் எடுக்கப்பட்டுவிட்டது. ஐரோப்பிய நிதிநல்கை அமைப்புகள் பல 2018-இல் அறிவித்த ‘பிளான் எஸ்’ திட்டமும் இதே நோக்கம் கொண்டது. உங்கள் நல்கையில் இப்படி ஒரு நிபந்தனை இருக்குமானால், ஏற்கப்பட்ட படியைப் பகிர்வது உங்கள் கடமையாகவே ஆகிவிடுகிறது.

சொந்த இணையதளத்தைவிடக் களஞ்சியத்தையே நான் பரிந்துரைப்பேன். நீங்கள் வேறு வேலைக்குப் போனாலோ, தளத்தின் ஆண்டுக் கட்டணத்தைக் கட்ட மறந்தாலோ சொந்தத் தளம் மறைந்துபோகும். களஞ்சியத்தில் வைத்தது நிற்கும். உங்கள் பல்கலைக்கழகத்துக்குக் களஞ்சியம் இல்லையென்றால், செர்ன் ஆய்வுக்கூடத்தின் ஆதரவில் 2013-இல் தொடங்கிய செனோடோ எந்த நாட்டு ஆய்வாளருக்கும் கட்டணமின்றித் திறந்திருக்கிறது. ஆய்வாளர்களுக்கான சமூக வலைத்தளங்கள் களஞ்சியங்கள் ஆகா. பல ஒப்பந்தங்கள் களஞ்சியத்துக்கு இசைந்து, அவற்றுக்கு மட்டும் இசைவு மறுக்கின்றன. எங்கே வைத்தாலும் இறுதி வடிவத்தின் டிஓஐ எண்ணை (ஒவ்வொரு கட்டுரைக்கும் தனித்தனியே தரப்படும் நிலையான அடையாள எண்) முதல் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள். மேற்கோள் காட்டுபவர் எதைக் காட்ட வேண்டும் என்ற குழப்பம் வராது.

1665-இல் ஹென்றி ஓல்டன்பர்க் இலண்டனில் ‘ஃபிலசாஃபிக்கல் டிரான்சாக்ஷன்ஸ்’ இதழைத் தொடங்கிய காலத்திலிருந்து, ஆய்வாளர்கள் தம் கட்டுரைக்குக் கூலி கேட்காமல் எழுதி வந்திருக்கிறார்கள். பணம் பெறாமல் எழுதும் இந்தப் பழைய மரபும் இணையம் என்னும் புதிய நுட்பமும் ஒன்றுசேர்ந்துவிட்டன, இனி ஆய்வு எல்லோருக்கும் திறந்திருக்கலாம் என்பதுதான் 2002-இல் வெளியான புடாபெஸ்ட் அறிக்கையின் தொடக்க வாதம். உங்கள் வீட்டார் உங்கள் கட்டுரையைப் படிக்க முடியாமல் இருப்பது எவருடைய விருப்பமும் அன்று. எழுதியவர் விரும்பவில்லை, நிதி தந்தவர் விரும்பவில்லை. அதை மாற்றுவதற்கு விதிகளுக்கு உட்பட்டே இவ்வளவு இடம் இருக்கும்போது பயன்படுத்தாமல் விட வேண்டாம்.

எளிமையாக எழுதினால் சக ஆய்வாளர்கள் ‘மலினப்படுத்திவிட்டீர்கள்’ என்கிறார்கள். எழுதாவிட்டால் ‘சமூகத்துக்கு என்ன பயன்?’ என்று நிர்வாகம் கேட்கிறது. துல்லியம் கெடாமல் எளிமையாக எழுதுவது உண்மையிலேயே இயலுமா?
— பேராசிரியர் ஒருவர்

இயலும், ஆனால் எதைக் களைவது, எதை எந்த நிலையிலும் களையக் கூடாது என்பதை எழுதத் தொடங்கும் முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். கருவியின் பெயர், புள்ளியியல் முறையின் பெயர், முந்தைய ஆய்வுகளின் நீண்ட பட்டியல் ஆகியவை போகலாம். யாரிடம் ஆராய்ந்தீர்கள், எத்தனை பேரிடம், எவ்வளவு மாற்றம் கண்டீர்கள், அது காரணமா அல்லது உடன்நிகழ்வா என்பவை போகக் கூடாது. சக ஆய்வாளர்கள் ‘மலினம்’ என்று குறைசொல்லும் கட்டுரைகளை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலானவற்றில் இந்த நான்கில் ஒன்று விடுபட்டிருக்கும்.

விடுபட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1995 அக்டோபரில் பிரிட்டனில் நடந்ததைச் சொல்ல வேண்டும். சில புதிய வகைக் கருத்தடை மாத்திரைகள் இரத்தக்குழாய் அடைப்பு ஏற்படும் அபாயத்தை இரண்டு மடங்காக்குகின்றன என்று மருந்துப் பாதுகாப்புக் குழு எச்சரித்தது. செய்தி பொய்யன்று. ஏறத்தாழ 7000 பெண்களில் ஒருவருக்கு ஏற்பட்டது 7000 பெண்களில் இருவருக்கு ஏற்படலாம் என்பதுதான் அந்த இரண்டு மடங்கு. ‘இரண்டு மடங்கு’ என்பது மட்டும் ஊரெங்கும் போய், 7000 என்ற எண் உடன் போகாததால், பெண்கள் அஞ்சி மாத்திரையை நிறுத்தினார்கள். விரும்பாத கருத்தரிப்புகளும் அடுத்த ஆண்டில் கருக்கலைப்புகளும் கூடின. கருத்தரிப்பே இரத்தக்குழாய் அடைப்பின் அபாயத்தை அந்த மாத்திரைகளைவிட அதிகமாக்கும் என்பதை நினைக்கும்போது, விடுபட்ட ஓர் எண் எவ்வளவு துன்பத்தை விளைவித்தது என்பது விளங்கும். நான் மேடைகளில் பேசும்போதெல்லாம் இந்த நிகழ்ச்சியைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், ஏனெனில் இதில் எவரும் பொய் சொல்லவில்லை.

இருபது ஆண்டுகள் கழித்தும் அதே தவறு நடந்தது. பதப்படுத்திய இறைச்சியை நாள்தோறும் 50 கிராம் உண்பது பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பை 18 சதவீதம் கூட்டுகிறது என்று உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015 அக்டோபரில் அறிவித்து, அதைப் புகையிலை இருக்கும் அதே முதல் பிரிவில் சேர்த்தது. அந்தப் பிரிவு, புற்றுநோயை உண்டாக்கும் என்பதற்கான சான்று எவ்வளவு உறுதியானது என்பதைக் காட்டுகிறது. எவ்வளவு பேருக்கு உண்டாக்கும் என்பதைக் காட்டவில்லை. செய்தித் தலைப்புகள் பலவற்றில் இறைச்சியும் சிகரெட்டும் சமமாகிவிட்டன. 18 சதவீதத்தையும் விளக்கியிருக்க வேண்டும்: 100 பேரில் 5 பேருக்கு வாழ்நாளில் வரக்கூடிய ஒரு நோயின் வாய்ப்பு 18 சதவீதம் கூடினால், அது 100 பேரில் ஏறத்தாழ 6 பேர் ஆகிறது. இந்த ஒரு வாக்கியத்தைச் சேர்ப்பதால் கட்டுரை கடினமாவதில்லை. சதவீதத்தை ஆட்கணக்காக மாற்றிச் சொல்லும் பழக்கம் ஒன்றை மட்டும் கைக்கொண்டாலே உங்கள் எழுத்து தெளிவும் பெறும், துல்லியமும் பெறும்.

சொற்களிலும் கவனம் வேண்டும். புள்ளியியலில் ‘குறிப்பிடத்தக்க வேறுபாடு’ என்றால், அந்த வேறுபாடு தற்செயலாக வந்திருக்க வாய்ப்புக் குறைவு என்று பொருள்; வாசகர் அதைப் ‘பெரிய வேறுபாடு’ என்று படிக்கிறார். மிகச் சிறிய வேறுபாடும் போதிய ஆட்களிடம் அளந்தால் குறிப்பிடத்தக்கதாகிவிடும் என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. கணித்த எண் எவ்வளவு முன்பின்னாக இருக்கலாம் என்பதைக் காட்டும் அளவைத் ‘திட்டப் பிழை’ என்று எழுதினால், நீங்கள் எங்கோ தவறு செய்துவிட்டதாக அவர் நினைப்பார். சோதனை ‘பாசிட்டிவ்’ என்றால் நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்பவரும் உண்டு. உங்கள் துறையில் பொதுமொழியோடு உருவத்தில் ஒத்து, பொருளில் மாறும் சொற்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். புரியாத கலைச்சொல்லை வாசகர் கேட்டாவது தெரிந்துகொள்வார். புரிந்ததாக நினைத்த சொல்லைப் பற்றி அவர் கேட்கவே மாட்டார்.

நிர்வாகத்துக்கும் ஒன்று சொல்லுங்கள். பிரிட்டனின் 20 பல்கலைக்கழகங்கள் 2011-இல் வெளியிட்ட 462 செய்திக்குறிப்புகளை அவற்றின் மூல ஆய்வுக் கட்டுரைகளோடு ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2014-இல் பிஎம்ஜே என்னும் மருத்துவ இதழில் வெளியானது. அவற்றில் 40 சதவீதத்தில் மிகையான அறிவுரையும், 33 சதவீதத்தில் மிகையான காரணக் கூற்றும், 36 சதவீதத்தில் விலங்காய்வை மனிதர்மேல் மிகையாக ஏற்றிச் சொல்வதும் காணப்பட்டன. பத்திரிகைகள்தாம் திரித்துவிட்டன என்று ஆய்வாளர்கள் வழக்கமாகக் குறைசொல்கிறோம். திரிபின் பெரும்பகுதி நம் வீட்டிலிருந்தே புறப்பட்டுப் போயிருக்கிறது. மிகைப்படுத்திய குறிப்புகள் அதிகச் செய்திகளாக வந்தன என்பதற்கும் அந்த ஆய்வில் வலுவான சான்று கிடைக்கவில்லை. ஆகவே செய்திக்குறிப்பு வெளியே போகும் முன் அதை வரிக்கு வரி பார்த்து ஒப்புதல் தரும் உரிமையைக் கேட்டுப் பெறுங்கள். எலியிடம் நடந்த ஆய்வென்றால் ‘எலி’ என்ற சொல் தலைப்பிலேயே இருக்கட்டும்.

சக ஆய்வாளர் மதிப்பீடு முடியாத முன்பதிப்பைப் பற்றிப் பொதுவெளியில் பேசலாமா?
— இளம் ஆய்வாளர்

துறையைப் பொறுத்தது. இயற்பியலாளர்களும் கணிதவியலாளர்களும் பால் கின்ஸ்பார்க் 1991-இல் தொடங்கிய ஆர்க்கைவ் தளத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக முன்பதிப்புகளைப் பகிர்ந்து வருகிறார்கள். அங்கே ஒரு தவறு நேர்ந்தால் இன்னொரு கட்டுரை திருத்திவிடும், இடையில் எவருடைய உடலும் கெடாது. மருத்துவத்தில் அப்படி இல்லை. 2019-இல் தொடங்கிய மெட்ஆர்க்கைவ் தளமே, இவை மதிப்பிடப்படாதவை, இவற்றைக் கொண்டு சிகிச்சையை முடிவு செய்யக் கூடாது என்று வாசகரை எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கை தளத்தோடு நின்றுவிடுகிறது, பகிரப்படும் செய்தியோடு பயணம் செய்வதில்லை. மக்கள் தம் மருந்தையோ உணவையோ மாற்றிக்கொள்ளக் கூடிய முடிவென்றால் மதிப்பீடு முடியும்வரை காத்திருங்கள். நீங்கள் அனுப்பியிருக்கும் இதழ் முன்கூட்டிய விளம்பரத்தைத் தடை செய்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சில மருத்துவ இதழ்களில் அந்த விதி 1969-இலிருந்தே உண்டு.

செய்தியில் ஓர் ஆய்வைப் பற்றிப் படித்துவிட்டு மூலக் கட்டுரையைத் தேடினால், சுருக்கத்தை மட்டும் காட்டிவிட்டு மீதிக்குப் பணம் கேட்கிறார்கள். நான் ஆய்வாளன் அல்லன், ஓய்வுபெற்ற ஆசிரியன். சுருக்கத்தைப் படித்தாலே போதுமா?
— வாசகர்

போதாது. சுருக்கத்தில் ஆய்வாளர் தம் சிறந்த முடிவை முன்னே வைப்பார். குறைகள் கட்டுரையின் கடைசிப் பகுதியில்தான் இருக்கும். ஆனால் பணம் கட்டுவதற்கு முன் செய்து பார்க்க வேண்டியவை சில உண்டு. 2017-இல் வந்த அன்பேவால் என்னும் உலாவி நீட்சியை நிறுவிக்கொண்டால், கட்டுரையின் சட்டப்படியான இலவசப் படி எங்காவது இருக்கிறதா என்று அதுவே தேடிச் சொல்லும். மருத்துவம், உயிரியல் என்றால் 2000-இலிருந்து இயங்கும் பப்மெட் சென்ட்ரலில் தேடுங்கள். மருத்துவச் சிகிச்சை தொடர்பான கேள்வியென்றால், ஒற்றை ஆய்வைத் தேடுவதைவிட, பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் எளியமொழிச் சுருக்கங்களைப் படிப்பது நல்லது. அவை எல்லோருக்கும் திறந்தவை.

எதுவும் கிடைக்கவில்லையென்றால் ஆய்வாளருக்கே மின்னஞ்சல் எழுதுங்கள். தொடர்புக்குரிய ஆசிரியரின் முகவரி சுருக்கப் பக்கத்திலேயே பெரும்பாலும் இருக்கும். கட்டுரைக்கு நீங்கள் கட்டும் பணத்தில் அவருக்கு எதுவும் போவதில்லை. கேட்பவருக்கு ஒரு படி அனுப்புவது அச்சுக் காலத்திலிருந்தே இருந்து வரும் வழக்கம். நீங்கள் யார், ஏன் கேட்கிறீர்கள் என்று இரண்டு வரி எழுதினால் போதும். தம் துறைக்கு வெளியே ஒருவர் தம் கட்டுரையைக் கேட்டு எழுதினால் மகிழாத ஆய்வாளரை நான் அதிகம் கண்டதில்லை.

கைக்கு வந்த கட்டுரையை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. முன்னுரையைப் படியுங்கள், பிறகு நேராக விவாதப் பகுதியில் குறைபாடுகளைப் பேசும் பத்திக்குப் போங்கள், அதன்பின் அட்டவணைகளுக்கு வாருங்கள். கடைசியில் நிதி தந்தவர் யார் என்பதையும் பாருங்கள்.

பிறர் எழுதிய ஆய்வுக் கட்டுரையை நான் மொழிபெயர்த்து வெளியிடலாமா? ஆசிரியரிடம் அனுமதி பெற வேண்டுமா?
— மொழிபெயர்ப்பாளர்

இரண்டு வேலைகளைப் பிரித்துப் பாருங்கள். கட்டுரை சொல்லும் உண்மையை, கண்டுபிடிப்பை, உங்கள் சொந்த நடையில் எழுத எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பதிப்புரிமை எழுத்து வடிவத்தைக் காக்கிறது, கருத்தையும் உண்மையையும் பூட்டிவைப்பதில்லை. மூலத்தைச் சொல்லிவிட்டால் நேர்மையும் நிறைவேறிவிடும். வாக்கியத்துக்கு வாக்கியம் மொழிபெயர்ப்பதென்றால் அது வழிவந்த படைப்பு ஆகிறது. அதற்குப் பதிப்புரிமை உடையவரின் அனுமதி வேண்டும், அவர் பெரும்பாலும் ஆசிரியராக இருக்க மாட்டார், வெளியீட்டாளராக இருப்பார்.

திறந்தநிலைக் கட்டுரைகளில் அந்த அனுமதி கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் வழியாக முன்பே தரப்பட்டிருக்கலாம். ‘சிசி பை’ என்று இருந்தால், ஆசிரியர் பெயர், மூலம், உரிமம் ஆகியவற்றைக் குறித்து, இது மொழிபெயர்ப்பு என்பதையும் தெரிவித்து வெளியிடலாம். ‘என்சி’ சேர்ந்திருந்தால் வணிக நோக்கில் கூடாது. கட்டணம் வாங்கும் இதழில் போடுவதும் அதில் அடங்கக்கூடும். ‘என்டி’ சேர்ந்திருந்தால் மொழிபெயர்ப்பை வெளியிடவே முடியாது. பலர் இந்த மூன்றாவதைக் கவனிக்காமல், ‘இணையத்தில் இலவசமாக இருக்கிறதே’ என்று உழைத்து முடித்த பிறகு வருந்துகிறார்கள். படங்களையும் தனியே பாருங்கள். கட்டுரை திறந்ததாக இருந்தும் அதிலுள்ள ஒரு படம் வேறொருவரிடம் அனுமதி பெற்று எடுத்ததாக இருக்கலாம்.

அனுமதி தேவையில்லாதபோதும் ஆசிரியருக்கு ஒரு வரி எழுதுங்கள் என்பேன். ஐயமான இடங்களை அவரே தீர்த்துவைப்பார். கட்டுரை வெளியான பின் அவர் கண்ட திருத்தங்களும் உங்களுக்குக் கிடைக்கும். சூரியப் புள்ளிகளைப் பற்றிக் கலிலியோ 1613-இல் வெளியிட்ட கடிதங்களை, அறிஞர்களின் மொழியான இலத்தீனில் எழுதாமல், தம் மக்கள் பேசிய இத்தாலிய மொழியிலேயே எழுதினார். அவர் தாமே செய்துகொண்டதை இன்று பல ஆய்வாளர்களுக்காக நீங்கள் செய்ய வேண்டியிருக்கிறது. அவர்களும் அதை வரவேற்கவே செய்வார்கள்.

நான் எளிமையாக எழுதிப் பலர் பகிர்ந்த ஓர் ஆய்வுக் கட்டுரை பின்னர் இதழால் திரும்பப் பெறப்பட்டுவிட்டது. என் பதிவை அழித்துவிடுவதா, அப்படியே விடுவதா?
— அறிவியல் எழுத்தாளர்

இரண்டும் வேண்டாம். அழித்துவிட்டால், உங்களிடமிருந்து கேட்டு நம்பியவர்களுக்கு அது தவறு என்று தெரிய வழியே இராது. நீங்கள் சொன்னது அவர்கள் நினைவில் இருக்கும், திருத்தம் எங்கும் இருக்காது. தட்டம்மைத் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்திய 1998-ஆம் ஆண்டுக் கட்டுரை 12 குழந்தைகளைப் பற்றியது மட்டுமே. அதை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழ் முழுமையாகத் திரும்பப் பெற 2010 ஆயிற்று. அந்த 12 ஆண்டுகளில் அச்சம் பல நாடுகளுக்குப் பரவி, தடுப்பூசி போடுவோர் எண்ணிக்கை குறைந்தது. திரும்பப் பெற்ற செய்தி, அச்சம் போன இடங்களுக்கெல்லாம் இன்றும் போய்ச் சேரவில்லை.

உங்கள் பதிவின் தலைப்புக்கு மேலேயே, தேதியிட்டு, ‘இக்கட்டுரை அடிப்படையாகக் கொண்ட ஆய்வு திரும்பப் பெறப்பட்டது’ என்று எழுதுங்கள். காரணத்தை இதழ் சொல்லியிருந்தால் அதையும் சொல்லுங்கள். தரவில் நேர்மையான தவறு கண்டு ஆசிரியர்களே திரும்பப் பெறுவதும் உண்டு, புனைந்த தரவு பிடிபட்டுத் திரும்பப் பெறப்படுவதும் உண்டு, இரண்டையும் ஒன்றாக்குவது முன்னவர்களுக்குச் செய்யும் அநீதி. பழைய வாசகங்களை மாற்றாமல் கீழே இருக்கவிடுங்கள். பிறகு, உங்கள் பதிவை எடுத்து வெளியிட்ட இதழ்களுக்கும் குழுக்களுக்கும் தனித்தனியே எழுதுங்கள். அவர்களில் பலர் திரும்ப வந்து உங்கள் பக்கத்தைப் பார்க்கப் போவதில்லை. திருத்தம் அவர்களைத் தேடித்தான் போக வேண்டும்.